கூத்தாடிக்கும் கண்ணு உண்டு, பேராண்டி

பட்டணத்துல நாடகம் பாக்கப் போறியாமே, உங்க அம்மா சொன்னா. ரொம்ப சந்தோசம்டா கண்ணு. டிக்கெட்டே ஐநூறு ரூபாயாம். நாங்க கூத்து ஆடின காலத்துல ஜனங்க பாயைச் சுருட்டிக் கக்கத்துல வெச்சிக்கினு வந்தா போதும், அதுதான் டிக்கெட்டு. இப்போ நீ காசு கொடுத்து, நம்பர் போட்ட சீட்டுல, ஏசிக்குக் கீழ உட்காரப் போற. எப்படி உட்காரணும்னு கெழவன் நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்கோ. உன்னைத் திருத்தறதுக்குன்னு நெனைச்சுக்காத. கையில அவ்ளோ பெரிய போனை வெச்சிருக்கற மனுசனுக்கு அங்க கெடைக்க வேண்டிய மரியாதை கொறைஞ்சுடக் கூடாதேன்னுதான்.

மொத விசயம், போனை அணைக்காத. அணைச்சுட்டா நீ வந்திருக்கறது எவனுக்குத் தெரியும்? நல்ல குத்துப் பாட்டா பாத்து ரிங்டோன் வெச்சுக்கோ. மேடையில தகப்பன்காரன் செத்துக் கெடப்பான். மகக்காரி தலைவிரி கோலமா வந்து நிப்பா. சபையே மூச்சைப் புடிச்சுக்கினு இருக்கும். அந்த நேரம் பாத்து உன் பாக்கெட்டுல இருந்து பாட்டு கெளம்பணும். ஒடனே எடுத்துடாதடா. எந்த பாக்கெட்டுன்னு மறந்துபோன மாதிரி சட்டையத் தட்டு, பேண்ட்டைத் தட்டு, பொண்டாட்டி கைப்பையத் தொறந்து பாரு. அதுக்குள்ள பல்லவி முடிஞ்சு சரணம் வந்துடும். அப்பறம் எடுத்துக் கட் பண்ணாத, பேசு. பேசறப்போ வாயை ஒரு கையால பொத்திக்கோ. பொத்திக்கினா சத்தம் வெளிய போவாதுன்னு நாட்டுல எல்லாரும் நம்பிக்கினு இருக்காங்க, நீ மட்டும் இன்னா கொறைச்சலு? “நாடகத்துல இருக்கேன், அப்பறம் பேசறேன்”னு சொல்லு. “இன்னா நாடகம்?”னு கேப்பான். பேரைச் சொல்லு. “நல்லாருக்கா?”ன்னு கேப்பான். “இப்பத்தான் ஒருத்தர் செத்திருக்காரு, பாத்துச் சொல்றேன்”னு சொல்லு. பக்கத்து சீட்டுக்காரனுக்கு ஒரே டிக்கெட்டுல ரெண்டு நாடகம். புண்ணியம் உனக்கு.

ரெண்டாவது விசயம், வெளிச்சம். சத்தம் போடாத போனும் பிரயோஜனமான போனுதான். கால்மணிக்கு ஒரு தரம் எடுத்து நேரம் பாரு. நாடகம் எப்போ முடியும்னு உனக்குத் தெரிஞ்சாவணும் இல்ல? அப்படியே வாட்ஸ்அப்புல நம்ம குலதெய்வம் குரூப்புல எவன் குட் ஈவினிங் போட்டிருக்கான்னு பாரு. அவன் மனசு நோவக் கூடாது, நீயும் ஒண்ணு போட்டுடு.

மூணாவது விசயம், படம் புடி. கையைத் தலைக்கு மேல தூக்கிப் புடி. பின்னால இருக்கறவன் உன் போன்லயே நாடகத்தைப் பாத்துக்கட்டும். வீட்டுக்குப் போயி அந்த வீடியோவ நீ பாக்கவே மாட்ட, அது எனக்குத் தெரியும். உன் கல்யாண வீடியோவையே நீ இன்னும் முழுசாப் பாக்கல. ஆனா புடிச்சு வெச்சோம்ங்கற திருப்தி ஒண்ணு இருக்குதே.

சிரிக்கிறியா? சிரி, சிரி. நான் கட்டியங்காரன் வேஷம் கட்டினவன்டா. சிரிக்க வெச்சு ஊசி குத்தறதுதான் எனக்குக் கூத்து ஜமாவுல கொடுத்த வேலை.

துரியோதனன் வந்தா அவன் பாட்டுக்குக் கர்ஜனை பண்ணுவான். தருமர் வந்தா நீதி பேசுவாரு. கட்டியங்காரனுக்குத்தான் ரெண்டு பக்கமும் பேச லைசன்சு. ராஜாவப் பாத்து “நீ யாருய்யா?”ன்னு கேக்கவும் செய்யலாம், கூட்டத்தைப் பாத்து “நீ இன்னாய்யா பண்ற?”ன்னு கேக்கவும் செய்யலாம். சூதாட்டத்துல தருமர் நாட்டை வெச்சுத் தோக்கற நேரம், கூட்டத்துல ஒருத்தர் துண்டை ஒதறிக்கினு கெளம்புவாரு. நான் விடுவேனா? “தருமரே, கவலைப்படாதீங்க. அதோ போறாரு பாருங்க, அவுரு தெனம் சாயங்காலம் பொண்டாட்டிகிட்ட தோக்கறவரு, இன்னும் உசுரோடதான் இருக்காரு”ன்னுவேன். கூட்டம் கொல்லுனு சிரிக்கும். அவுரும் சிரிச்சுக்கினே திரும்பி வந்து உட்காந்துடுவாரு.

ஏன் சொல்றேன்னா, கூத்துக் களரியில நிக்கறவனுக்கு எல்லாம் தெரியும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எங்க மூஞ்சியில அடிக்கிற அளவுக்கு உங்க மூஞ்சியிலயும் அடிக்கும். எவன் தூங்கறான், எவன் வெத்தலை மடிக்கறான், எந்தக் கெழவி கண்ணைத் தொடைக்கறா, எல்லாம் தெரியும். சினிமாவுல அந்தக் கவலை இல்ல. ரஜினி தெரையில இருந்து எட்டிப் பாத்து “இன்னாப்பா, மெசேஜா?”ன்னு கேக்கப் போறதில்ல. டிவிப் பொட்டிக்கு எதிர்ல நீ கோவணத்தோட படுத்திருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். நாடகம் ஒண்ணுதான்டா, நீ பாக்கறதும் உன்னைப் பாக்குது. நான் சொல்ல வந்ததே இவ்ளோதான். மிச்சம் எல்லாம் இதுக்குப் பொழிப்புரை.

“தாத்தா, சபாவுல வெளக்கை அணைச்சுடுவாங்க, நாங்க இருட்டுல இருப்போம், நடிகருக்கு ஒண்ணும் தெரியாது”ன்னு நீ சொல்லுவ. அதுதான் இல்ல. இருட்டுல மத்தவன் எல்லாம் மறைஞ்சு போயிடறான். போனை நோண்டறவன் ஒருத்தன்தான் பளிச்சுனு தெரியறான். கீழ இருந்து வெளிச்சம் அடிச்சு, கன்னமும் மூக்கும் நீலமா. எங்க ஜமாவுல கிருஷ்ணன் வேஷம் ஒருத்தனுக்குத்தான். இன்னிக்கு சபாவுல வரிசைக்கு ரெண்டு கிருஷ்ணன் உட்காந்திருக்கான், அதுவும் குனிஞ்ச தலை நிமிராத கிருஷ்ணன். 2015-ல லண்டன் பார்பிகன் அரங்கத்துல ‘ஹாம்லெட்’ நாடகம் நடந்துதாம். பெனடிக்ட் கம்பர்பேட்ச்னு பெரிய நடிகராம். கூட்டத்துல படம் புடிக்கற மிசினுங்களோட செவப்பு வெளக்கு மேடையில இருந்தே தெரியுதுன்னு, ஆட்டம் முடிஞ்சு வெளிய வந்து ரசிகருங்ககிட்ட கெஞ்சிக் கேட்டுக்கினாராம். அவ்ளோ பெரிய மனுசன் கண்ணுல படுது, நம்ம ஊரு நடிகன் கண்ணுல படாதா?

இன்னொண்ணும் கேளு. கூத்துல தூங்கலாம். ராத்திரி பத்துக்கு ஆரம்பிச்சு பொழுது விடியற வரைக்கும் ஆடறப்போ எவன்தான் தூங்காம இருப்பான்? பிள்ளைக்குப் பால் கொடுக்கலாம். எழுந்து போயி டீ குடிக்கலாம். நாங்க கோவிச்சுக்க மாட்டோம். தூங்கறவன் கூத்துக்குள்ளதான் தூங்கறான். முகவீணை ஒசந்த சத்தத்துல ஊதினா திடுக்குனு எழுந்து “அர்ச்சுனன் வந்துட்டானா?”ன்னு கேப்பான். போனைப் பாக்கறவன் அப்படி இல்ல. அவன் எழுந்து வெளிய போயிட்டான். ஒடம்பை மட்டும் சீட்டுல விட்டுட்டுப் போயிருக்கான். அந்தக் காலி மூஞ்சிக்கு முன்னால ஆடறதுக்கு ஆட்டக்காரன் இன்னா பாவம் பண்ணான்?

உன் தங்கச்சி காலேஜ் லீவுல வந்திருந்தப்போ அமெரிக்காக் கதை நெறைய படிச்சுக் காட்டினா. எல்லாம் அந்தப் போன்லதான். போனைத் திட்டறதுக்கும் போன்தான் வேண்டியிருக்குது, இன்னா பண்றது.

நியூயார்க்குல ஒரு நாடகக் கொட்டாயி. ‘ஹேண்ட் டு காட்’னு நாடகம், 2015 ஜூலை மாசம். ஆட்டம் ஆரம்பிக்கப் போற நேரத்துல ஒரு பையன் விறுவிறுன்னு மேடை மேல ஏறி, அங்க சுவத்துல இருந்த பிளக்குல சார்ஜரைச் சொருவினானாம். போன்ல சார்ஜ் இல்லியாம்! அந்தப் பிளக்கு நெசப் பிளக்கே இல்ல, வீடு மாதிரி தெரியறதுக்கு செட்டுல ஒட்டி வெச்சது. மேடையில அழறவன் நெசமா அழல, செத்தவன் நெசமா சாவலன்னு தெரிஞ்சுதானே டிக்கெட்டு வாங்கறான்? பிளக்கு மட்டும் நெசம்னு நம்பிட்டான் பாரு. அந்த நம்பிக்கையில பாதிய நாடகத்து மேல வெச்சிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

அதே ஊரு, அதே மாசம், ஒரு வாரம்கூட ஆவல. லிங்கன் சென்டர்ல பாட்டி லூபோன்னு ஒரு நடிகை. பேருலயே பாட்டி இருக்குது, வயசும் அப்போ அறுபத்தாறு. மத்தியான ஆட்டத்துலயே நாலு தரம் போன் அடிச்சு அந்தம்மா நொந்து போயிருக்காங்க. ராத்திரி ஆட்டத்துல ஒரு பொம்பளை உட்காந்துக்கினு ஓயாம மெசேஜ் அடிச்சிருக்கா. பாட்டி இன்னா பண்ணுச்சு தெரியுமா? காட்சி முடிஞ்சு மேடைய விட்டுப் போற போக்குல, வேஷத்தைக் கலைக்காம, அவ கையில இருந்த போனைப் புடுங்கிக்கினு உள்ள போயிடுச்சு! ஆட்டம் முடிஞ்சப்பறம்தான் திருப்பிக் கொடுத்தாங்களாம். எனக்கு அந்தம்மாவ நேர்ல பாத்து ஒரு சால்வை போத்தணும் போல இருந்துது. கட்டியங்காரன் வாயால பண்ணத அது கையாலயே பண்ணிடுச்சு.

இன்னொரு கதை 2009-ல நடந்தது. ஜேம்ஸ்பாண்டா நடிச்ச டேனியல் கிரெய்கும், கையில கத்தி நகம் மொளைக்குமே, அந்த ஹியூ ஜாக்மேனும் சேந்து ஒரு நாடகம் போட்டாங்க. ரெண்டே பேரு, போலீஸ்கார வேஷம். நடுவுல போன் அடிக்குது. நிக்கல. ஜாக்மேன் போலீஸ்காரனாவே திரும்பி, அதை எடுக்கறியாப்பான்னு கேட்டுட்டு நின்னுட்டாரு. இந்தக் கதை ஊருலகத்துக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கற? இன்னொருத்தன் கூட்டத்துல உட்காந்துக்கினு திருட்டுத்தனமா அதைப் படம் புடிச்சிருக்கான்! போன் அடிச்சவன் மாட்டிக்கினான், புடிச்சவன் வீடியோவ வெளிய விட்டான். ரெண்டு பேருல எவன் யோக்கியன்னு நீயே சொல்லு.

அந்த நியூயார்க்குல இதுக்குச் சட்டமே போட்டாங்களாம், 2003-ல. நாடகம், கச்சேரி, சினிமாவுல போன் அடிச்சா அம்பது டாலர் அபராதம். மேயர் புளூம்பர்க் வேணாம்னு மறுத்துட்டாரு. இதையெல்லாம் எப்படிப்பா அமல் பண்றதுன்னு கேட்டாரு. நகர சபைக்காரங்க கேக்கல, மேயரையும் மீறி நெறைவேத்திட்டாங்க. சட்டம் வந்து பன்னெண்டு வருசம் கழிச்சுத்தான் அதே ஊருல அந்தப் பாட்டி கையை நீட்ட வேண்டியிருந்துது. அப்போ மேயர் கேட்டது ஞாயமா இல்லியா?

இதுல ஒரு கதை மட்டும் எனக்குச் சிரிப்பு வரல. 2022-ல ‘டேக் மீ அவுட்’னு ஒரு நாடகம். அதுல ஆட்டக்காரங்க துணியில்லாம குளிக்கற காட்சி வருதாம். கதைக்கு வேணும்னு ஒத்துக்கினு, நேர்ல வந்து உட்காந்திருக்கற ஜனத்தை நம்பி அவங்க அப்படி நிக்கறாங்க. படம் எவனும் எடுக்கக் கூடாதுன்னு, வர்றவங்க போனை எல்லாம் பூட்டுப் போட்ட பையில போட்டுக் கொடுத்திருக்காங்க. அப்படியும் ஒருத்தன் எப்படியோ எடுத்து வெளிய விட்டுட்டான்.

நம்ம திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல துகில் உரியற ராத்திரிய நீ சின்னப் பையனா என் மடியில உட்காந்து பாத்திருக்க. துச்சாதனன் வேஷம் கட்டினவன் அதுவரைக்கும் குதிகுதின்னு குதிப்பான். சேலையத் தொடற எடம் வந்ததும் ஆட்டம் நிக்கும். கற்பூரம் ஏத்துவாங்க. அவன் அம்மனை வேண்டிக்கினு, மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் முந்தானை மேல கையை வெப்பான். அது பொம்பளையும் இல்ல, ஆம்பளை கட்டின வேஷம். உள்ள அடுக்கடுக்கா துணி. அதுக்கே அந்தப் பயம். துச்சாதனனுக்கு இருந்த அந்தப் பயம் டிக்கெட்டு வாங்கிக்கினு உட்காந்திருக்கறவனுக்கு இல்லாமப் போச்சுன்னா, எந்தப் பூட்டுடா புடிக்கும்?

சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. சபாவுக்கு வருவோம்.

சபா நாடகத்துல மைக்கு மேல இருந்து தொங்கிக்கினு இருக்கும், சில எடத்துல மேடை ஓரத்துலயும் வெச்சிருப்பாங்க. நடிகன் அதுக்குக் கீழ வந்து நின்னுதான் வசனம் பேசுவான். மைக்குக்கு நடிகன் யாரு, நீ யாருன்னு பாகுபாடு கெடையாது. மொத வரிசையில வி.ஐ.பி. பாஸ்ல உட்காந்திருக்கறவரு போன் அடிச்சா, அதையும் ஆசையா வாங்கிக் கடைசி வரிசை வரைக்கும் ஸ்பீக்கர்ல கொண்டுபோய்ச் சேக்கும். காசு கொடுக்காம வந்தவரு பாட்டைக் காசு கொடுத்து வந்தவங்க கேக்கலாம்.

சிரிப்பு நாடகம்னா இன்னும் மோசம். கிரேஸி மோகன் எழுதினதை நீ பாத்திருப்ப. ஒரு சிரிப்பு அடங்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். ஒருத்தன் ஒரு வார்த்தைய விடுவான், இன்னொருத்தன் அதைத் தப்பாப் புடிச்சுப்பான், மூணாமவன் வந்து முடிச்சுப் போடுவான். நடுவுல உன் போன் கிணுகிணுன்னுச்சுன்னா மொத வார்த்தை போச்சு. அப்பறம் மூணாமவன் வந்து சொல்றப்போ சபை திருதிருன்னு முழிக்கும். அவன் நல்லாத்தான் சொன்னான். அவன் சிரிப்பை நீ முன்னாலயே முழுங்கிட்ட. காமெடியனுக்குக் கூட்டம் சிரிக்காத அந்த ஒரு நிமிசம் இருக்குதே, அதை நான் அனுபவிச்சிருக்கேன். வைரிக்கும் வேணாம்.

காட்சிக்குக் காட்சி வெளக்கை முழுசா அணைப்பாங்க பாரு, அப்போ உள்ள நாற்காலி மாறும், கட்டில் வரும், செத்தவன் எழுந்து ஓடுவான். தரையில ஒட்டியிருக்கற மினுமினுப்பு டேப்பைப் பாத்துக்கினுதான் ஓடறாங்க. இருட்டுக்கு மனுசக் கண்ணு முழுசாப் பழகறதுக்கு இருபது முப்பது நிமிசம் புடிக்குமாம். அந்த நேரத்துல நீ பளிச்சுனு பிளாஷ் அடிச்சா, அவனுக்குக் கண்ணு கட்டிப் போவும். கட்டில் கால்ல முட்டிக்கினு விழுவான். அடுத்த காட்சியில நொண்டிக்கினே வந்து மாப்பிள்ளையா நிப்பான். கதையில நொண்டி மாப்பிள்ளை இல்ல.

இப்போ உபதேசத்தை நேரா சொல்லிடறேன், வளைச்சு வளைச்சுச் சொல்லி எனக்கே வாய் வலிக்குது.

சைலண்ட்ல போட்டுட்டேன்னு நெஞ்சை நிமித்தாத. சைலண்ட்டுல போட்டாலும் அலாரம் அடிக்கும், ஐபோன்ல கட்டாயம் அடிக்கும். 2012 ஜனவரியில நியூயார்க்குல அதான் நடந்துது. மாலர்னு ஒருத்தர் இசையமைச்ச ஒன்பதாவது சிம்பொனி. கடைசிக்குக் கடைசியா, மூச்சு விடற சத்தத்துக்கு வாத்தியம் எறங்கி வர்ற எடம். முன் வரிசையில ஒருத்தரு போன் அலாரம் அடிக்குது, அடிக்குது, நிக்கவே மாட்டேங்குது. நடத்திக்கினு இருந்த ஆலன் கில்பர்ட் கையைக் கீழ போட்டு, மொத்தக் கச்சேரியையும் நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாரு. அந்த மனுசன் வேணும்னு பண்ணல. மொத நாளுதான் ஆபீஸ்ல புதுசா கொடுத்த போனு, அதுல அலாரம் இருக்கறதே அவுருக்குத் தெரியாது. அதனால பவர் பட்டனை அழுத்தி முழுசா அணைச்சுடு. ரெண்டு மணி நேரம் அணைஞ்சிருந்தா போன் செத்துப் போயிடாது. நீயும் சாவ மாட்ட, நான் கேரண்டி.

வைப்ரேட்டர்ல வெச்சு நாற்காலிக் கைப்புடி மேல வெக்காத, வரிசை பூரா உறுமும். கையில கட்டியிருக்கியே அந்த வாட்ச்சு, மணிக்கட்டைத் திருப்பினாலே வெளிச்சம் போடும். கை தட்டினா மின்னும், மூக்கைச் சொறிஞ்சா மின்னும். அதுல நாடகக் கொட்டாயிக்குன்னே ஒரு பட்டன் இருக்குதாம், ஆப்பிள்காரன் வாட்ச்சுல ரெண்டு முகமூடிப் படம் போட்டிருப்பான். உன் தங்கச்சி காட்டினா. மிசின் செய்யறவனுக்கே மனசு உறுத்தித் தனியா ஒரு பட்டன் வெச்சிருக்கான், அதை அழுத்த உனக்கு வெரல் இல்லியா? அப்பறம் ஒரு காதுல ஐபிஎல் கமெண்டரி மாட்டிக்கினு உட்காராத. மேடையில தாலி அறுக்கற நேரத்துல நீ “சிக்ஸர்!”னு கத்துவ, உன் ரத்தம் எனக்குத் தெரியும்.

டாக்டரா இருந்தா, வீட்டுல பச்சைக்கொழந்தைய விட்டுட்டு வந்திருந்தா, ஆஸ்பத்திரியில யாராவது படுத்திருந்தா, அது வேற. ஓரத்து சீட்டா பாத்துக் கேட்டு வாங்கிக்கோ. போனை மடியில கவுத்துப் போட்டு வைப்ரேட்டர்ல வெச்சுக்கோ. வந்தா சத்தமில்லாம எழுந்து வெளிய போயிப் பேசு. எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆனா நீ டாக்டர் இல்ல கண்ணு. நீ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருக்க. ராத்திரி எட்டு மணிக்குப் பாலிசி எடுக்காம எவனும் துடிச்சுக்கினு இல்ல.

பக்கத்துல ஒருத்தன் போனை நோண்டினா இன்னா பண்றதுன்னு கேப்ப. “ஷ்ஷ்ஷ்”னு சீறாத. அவன் போன் சத்தம் ரெண்டு வரிசைக்குக் கேட்டா, உன் சீறல் நாலு வரிசைக்குக் கேக்கும். அவனைத் திருத்தற சாக்குல உனக்கும் மேடை ஏற ஆசை, அதான் விசயம். மெதுவா தோளைத் தொட்டு, கையால சைகை காட்டு. முக்காவாசிப் பேரு வெக்கப்பட்டு அணைச்சுடுவாங்க. அணைக்காதவன் எடைவேளையில உன்கூட காபி குடிக்க வருவான். அப்போ வெச்சுக்கோ கச்சேரிய.

படம் புடிக்கறதுல ஒரு ஞாயம் இருக்குது, அதையும் சொல்லிடறேன். இல்லன்னா கெழவனுக்குப் போனே ஆவாதுன்னு பேரு வந்துடும். நம்ம செய்யாறு பக்கத்து ஜமாக்களே இப்போ யூடியூப்ல ஆட்டத்தைப் போட்டுத்தான் தேதி புடிக்கறாங்க. புரிசைக் கூத்தை எங்கயோ வெளிநாட்டுல இருக்கறவன் பாக்கறான்னா அது போன் பண்ண புண்ணியம்தான். அதனால கூத்துல வாத்தியாரைக் கேட்டுட்டு ரெண்டு நிமிசம் புடி, தப்பில்ல. ரெண்டு பேரு திரைத்துணியப் புடிச்சிருப்பான், பின்னால வேஷக்காரன் முதுகைக் காட்டிச் சலங்கையக் குலுக்கிக்கினு நிப்பான், கிரீடத்தோட உச்சி மட்டும் துணிக்கு மேல ஆடும். அதைப் பாத்துத்தான் கொழந்தைங்க வாயைப் பொளந்துக்கினு உட்காந்திருக்கும். அந்த எடத்துல பின்பக்கமாப் பூந்து, டார்ச்சைப் போட்டு, துணி எறங்கறதுக்கு முந்தியே அவன் மூஞ்சியப் புடிச்சு லைவ் போடறான் ஒருத்தன். அவனுக்கு நூறு லைக் வந்துது. அந்தக் கொழந்தைங்களுக்கு வர வேண்டிய திடுக்கு போயிடுச்சு. அன்பளிப்பு வாங்கத் தட்டு வர்ற நேரத்துல அவன் பேட்டரி தீந்துபோயிருக்கும், ஆளையே காணோம்.

சபாவுல அது வேற கணக்கு. ஒருத்தன் மாசக்கணக்குல ராத்திரி கண்ணு முழிச்சு எழுதி, ஆபீஸ் விட்டு வர்ற பத்துப் பேரை வெச்சு ஒத்திகை பாத்து, ஹால் வாடகை கட்டி மேடையேத்தறான். கடைசிக் காட்சியில கொலைகாரன் யாருன்னு நீ ஸ்டேட்டஸ்ல போட்டுட்டா, அடுத்த வாரம் ஹாலுக்கு எவன் வருவான்? ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் வரிசையா வந்து கும்புடு போடுவாங்க இல்ல, அப்போ புடி, ஆசை தீரப் புடி. மூஞ்சியில வேஷம் கலையாம இருக்கும், வெளக்கு எல்லாம் எரியும், படமும் நல்லா விழும். அவங்களுக்கும் சந்தோசம்.

நான் இவ்ளோ சொல்லியும் நீ போனை அணைக்க மாட்டன்னு எனக்குத் தெரியும். நீ என் பேரன், எவன் பேச்சைக் கேட்ட? அதனால கடைசியா ஒரு பந்தயம். நாடகம் முடிஞ்சு வெளிய வந்ததும் போனைப் போட்டு எனக்குப் பேசு. நான் மூணு கேள்வி கேப்பேன். மொத காட்சியில அந்தப் பொம்பளை யாரு பேச்சைக் கேட்டு மூஞ்சியத் திருப்பிக்கினா? கூட்டம் எந்த எடத்துல சிரிக்கறத நிறுத்துச்சு? கடைசியில மேடையில யாரு வாயே தொறக்கல? வீடியோ அனுப்பாத, அதை நான் பாக்க மாட்டேன். வாயால சொல்லணும். மூணுக்கும் பதில் சொல்லிட்டா அடுத்த மாசம் டிக்கெட்டுக் காசு என்னுது. ஒண்ணு தப்பினாலும் இந்த ஐநூறை எனக்கு ஜி-பேல போட்டுடு. உன் தங்கச்சி எனக்கு அதையும் ஏத்திக் கொடுத்துட்டா, நம்பரு உங்க அம்மாகிட்ட இருக்குது.